வீம்புக்கு ஒரு வீடு

சைதா என்ற அரபு ஊரின் கடற்கரையில் முனீப் சுவர் எழுப்பத் தொடங்கிய மறுநாளே நகராட்சிக்காரர் வந்து நின்றார்.

"என்னய்யா இது, கடலை மறைச்சுக்கிட்டு?"

"என் இடம், என் சுவர்."

"அதான் எதுக்குங்கறேன்?"

"நிகாயா!" என்றான் முனீப், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்த ஊரில் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தன் அடுப்பில் பூனை தூங்கினாலும் சரி, அடுத்தவன் வயிறு எரிந்தால் போதும் என்று வேண்டுமென்றே செய்கிற காரியத்துக்கு நிகாயா என்று பெயர். அப்பா வீட்டை அண்ணன் மிஸ்பாவுக்கு எழுதிவைத்து, அதன் முன்னால் கிடந்த ஒடிசலான நிலத்தை முனீபுக்குக் கொடுத்ததிலிருந்து, அவன் அண்ணன் வாசலை மிதித்ததில்லை. அண்ணன் பேச்சையே தன் காதுபட யாரும் எடுக்கக் கூடாது என்றும் உத்தரவு. அண்ணன் சன்னலுக்குக் கடல் தெரியாமல் அடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"வெறும் சுவருக்கு அனுமதி கிடையாது. வீடுன்னா கட்டிக்கோ," என்றார் நகராட்சிக்காரர்.

முனீப் படகை விற்று வீடே கட்டினான். அகலம் போதவில்லை.

"ஏங்க, இதுல கட்டிலை எங்க போடறது?" என்றாள் மனைவி சுஆத்.

"நின்னுக்கிட்டே தூங்கு."

அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணனோ தினமும் காலையில் சன்னலில் உட்கார்ந்து, எதிர்ச்சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே காப்பி குடித்தார். கொத்தனார்களுக்கும் அங்கிருந்து காப்பி வந்தது. முனீப் அதை வாங்கி மணலில் கொட்டினான்.

"சிரிக்கிறான் பாரு! இன்னொரு மாடி ஏத்து!"

மேஸ்திரி ஃபவ்ஸி தயங்கினார். "ஐயா, உங்க அண்ணனுக்கு வந்து..."

"அவன் பேச்சை எடுக்காதேன்னு சொன்னேன்ல? கல்லை வைய்யா!"

இன்னொரு மாடி ஏறியது. நகராட்சிக்காரர் மறுபடி வந்தார். "ஆள் குடியில்லாத வீட்டை இடிச்சுடுவோம்."

வேறு வழியில்லை. ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு முனீபே அந்தச் சந்துக்குள் குடிபோனான். காலை நீட்டினால் சுவர் இடித்தது. உடம்பெல்லாம் வலித்தாலும் மனசு மட்டும் குளிர்ந்திருந்தது.

விடிந்ததும் அண்ணி வஃபா காப்பியோடு வந்து வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்ன அண்ணி, அழறானா உங்க வீட்டுக்காரன்?"

"ராத்திரியெல்லாம் அழுதாரு தம்பி, சந்தோஷத்துல. கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சே, கொத்துக்கரண்டி சத்தம் கேக்கத்தான் தினம் சன்னல்ல வந்து உட்காருவாரு. 'எனக்குக் கண்ணு தெரியலேன்னு என் தம்பி பக்கத்துலயே குடிவர்றான்'னு."