ஏழாம் எண் முயலுக்கு நடந்த அஞ்சலி

அன்பு மகள் ஃபுயுமிக்கு,

மேப்பிள் இலை சிவந்து, மூச்சு விட்டால் புகையாய் வரும் இந்த நாட்களில் நீ செண்டாயில் கழுத்துத் துணியை மறக்காமல் சுற்றிக்கொண்டு நலமாயிருப்பாய் என்று நம்பி, இனாவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் என் முட்டிவலியும் சுகம்.

உன் கடிதம் வந்தது. எங்கள் கம்பெனி முயல் ரத்தத்திலிருந்து எடுத்து அனுப்பிய புது ஆன்டிபாடியைப் போட்டால் எலி மூளையின் சினாப்ஸ் புரதம் கண்ணிலேயே படவில்லை, பழைய புட்டியைப் போட்டபோது படத்தில் கரிக்கோடு போலப் பட்டை விழுந்ததே, இரண்டிலும் ஏழாம் எண் முயல் என்றுதானே ஒட்டியிருக்கிறது, டிசம்பருக்குள் படம் வராவிட்டால் என் முனைவர் பட்டம் போச்சு என்று நான்கு பக்கம் அழுதிருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் முயலுக்குப் புல் போட்டவன் சொல்கிறேன், தப்பு உன் கையில்தான். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க ஊற்றும் பால் பவுடரைக் கட்டி கட்டியாய்க் கரைத்திருப்பாய். மிசோ சூப்பையே கட்டிதட்ட வைப்பவள் நீ. இல்லையென்றால் புட்டியை உருக்கி, உறையவைத்து, மறுபடி உருக்கியிருப்பாய்.

ஏழாம் எண் முயலைச் சந்தேகப்படாதே. ஏழுக்கும் எட்டுக்கும் அந்தப் புரதத்தைத்தான் ஒரே அளவில் ஊசியாய்ப் போட்டோம். எட்டு தின்றது, தூங்கியது, அதன் ரத்தத்தில் ஒன்றும் தேறவில்லை. ஏழோ அந்தப் புரதத்தைச் சொந்தப் பகையாளியாய் எடுத்துக்கொண்டது. முயலுக்கு முயல் அப்படித்தான். ஜூலையில் மேலாளர் நகாட்சுகா வந்து, "கிஹெய் அண்ணே, ரெண்டுக்கும் இன்னிக்குக் கடைசி ரத்தம், முடிச்சிருங்க" என்றார். கடைசி ரத்தம் என்றால் அதற்குப் பிறகு முயல் இருக்காது. முடித்துவிட்டேன்.

போன வியாழன் கம்பெனி வாசலில், விலங்குகளின் நினைவுக்கல் முன்னால் வருஷாந்திர அஞ்சலி. துறவி ஓதினார், ஊதுபத்தியும் கேரட்டும் வைத்தோம். என் முறை வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கப்போய்த் தோள் குலுங்கியது. நகாட்சுகா முதுகைத் தடவி, "அழாதீங்கண்ணே, ஏழாம் நம்பர் நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கும்" என்றார்.

"ஆமா சார், நல்ல எடந்தான்" என்றேன்.

போனில் பின்னால் என்ன கறமுறவென்று சத்தம் என்று கேட்டாய். குளியலறைக் குழாய் கெட்டுவிட்டது. வேறொன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை நடுங்காமல், பட்டை கறுப்பாய் விழ வேண்டிக்கொள்ளும்,
அப்பா கிஹெய்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. உன் பால் பவுடரில் ஒரு தப்பும் இல்லை. புதுப் புட்டியில் இருப்பது எட்டின் ரத்தம். அதையே இரண்டாகப் பிரித்து ஒன்றில் ஏழு என்று ஒட்டியவன் நான். அன்றைக்குத் தூக்கியபோது ஏழு என் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்தது, சின்னதில் நீ இழுத்தது போலவே. என்னால் முடியவில்லை, மகளே. இப்போது என் குளியல் தொட்டியில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் தின்கிறது. எல்லாருக்கும் போன புட்டிகளைத் திருப்பி வாங்கச் சொல்லி, நாளைக் காலை நகாட்சுகா முன் தலைகுனியப் போகிறேன். வேலை போனால் போகட்டும், உன் பட்டம் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஊசி எடுத்துக்கொண்டு வா. ஏழின் காதிலிருந்து கொஞ்சம் ரத்தம், உன் படத்துக்கு அது போதும். வெள்ளைக் கோட்டு மட்டும் போட்டுக்கொண்டு வராதே. அவள் பயந்துவிடுவாள்.