நூற்றிருபது வராத ஞாயிற்றுக்கிழமை

ஒரு விநாடிக்குள் திரையில் அறுபது படம் ஓடுவதற்கும் நூற்றிருபது படம் ஓடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குக் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரியுமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன், மூக்குக்கண்ணாடியும் போட்டிருக்கிறேன். இரண்டாலும் பயனில்லை. ஆனால் அந்த நூற்றிருபதை வரவழைப்பதாக வாக்குக் கொடுத்தது நான்தான்.

அப்போது எங்கள் மகள் கைக்குழந்தை. அவள் தூங்காததால் நானும் தூங்குவதில்லை. சுவா என்ற சிற்றூரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. மரங்களுக்கிடையே நின்ற பனி எப்போது விலகியது, எப்போது மதியமானது என்று தெரியாமல், நீருக்கடியில் நடப்பவளைப்போல வீட்டுக்குள் மிதந்துகொண்டிருந்தேன். (பால் புட்டியைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு, மடித்த துணியைக் குளிர்பெட்டியில் வைத்தவள் நான். வேறென்ன சொல்ல?)

என் கணவர் குமரனும் அவருடைய தம்பி தினேஷும் அப்போது பேசிக்கொள்வதில்லை. மாமனார் இறந்து, ரெம்பாவ் ஊரில் இருந்த வீட்டைக் காலி செய்தபோது ஏதோ ஒரு வார்த்தை தடித்துவிட்டது. ரஹாங்கில் இருக்கும் தினேஷ் தீபாவளிக்குக்கூட எனக்குத்தான் வாழ்த்து அனுப்புவார். சிறுவயதில் பள்ளி விட்டதும் ஒரே பாயில் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடியவர்களாம். அந்தப் பாயில் இருவரையும் மறுபடி உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. புதிய டிவி வந்ததும் கணவரிடம் சொல்லாமல் தினேஷை அழைத்தேன்.

“தம்பி, நூத்திருபது ஹெர்ட்ஸ் வரும்னு பெட்டியில போட்டிருக்கு. உங்க கேம் பெட்டியத் தூக்கிட்டு வாங்க.”

“நெசமாவா அண்ணி? எங்க வீட்டு டிவியில அறுபதுதான் லா.”

“கண்டிப்பா வரும்.”

புதுப் பொருள் எது வந்தாலும் எங்கள் வீட்டில் சாமி கும்பிட்டு, பொட்டு வைத்துத்தான் தொடங்குவோம். மோட்டாருக்கும் உண்டு, மிக்சிக்கும் உண்டு. ஆனால் நான் படித்தவள் அல்லவா? கையேட்டை முழுவதும் வாசித்தேன். திரையில் ஈரம் படக்கூடாது என்றிருந்தது. ஓரச் சட்டமோ நூல்போல மெலிந்திருந்தது. அதனால் பின்பக்கம் போய், பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோலத் தெரிந்த ஒரு சின்னக் குழியில் சந்தனத்தைக் குழைத்து நிறைவாக அப்பினேன். மேலே குங்குமம். மனதுக்கு அவ்வளவு நிம்மதி.

ஞாயிறு மதியம் மழை விட்டிருந்தது. செம்பனை மட்டைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே தினேஷின் கார் வந்து நின்றது. வாசலில் தம்பியைப் பார்த்த கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “வா” என்றார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் கலங்கியது.

தினேஷ் டிவியின் பக்கவாட்டில் கைக்கு எட்டிய இடத்தில் கேபிளைச் செருகினார். திரையில் ஒரு கார் பறந்தது.

“அடேயப்பா, என்னமா வழுக்கிக்கிட்டு ஓடுது! நூத்திருபதுன்னா நூத்திருபதுதான்!” என்றேன்.

“இது இன்னும் அறுபதுதான் அண்ணி.”

அமைப்புப் பக்கத்தில் 120 என்ற வரி சாம்பல் நிறத்தில், தொட்டாலும் அசையாமல் கிடந்தது.

“டிவி சரியில்ல லா,” என்றார் தினேஷ்.

“ஏன், உன் கேபிள் சரியில்லன்னு சொல்லேன்.”

“கேபிள் பெட்டியோட வந்ததுண்ணே.”

“ஆமா, எப்பவும் உன் பக்கம் மட்டும் எல்லாம் சரியா இருக்கும்.”

அது டிவியைப் பற்றிய பேச்சில்லை. ரெம்பாவ் வீட்டைப் பற்றிய பேச்சு. நான் பாய்ந்து ரிமோட்டைப் பிடுங்கினேன். கேம் மோடு போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன். படத்தின் அளவை மாற்றினேன். கடைசியாக எதை அழுத்தினேனோ, திரை மொத்தமும் கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பில் ஜன்னலுக்கு வெளியேயுள்ள செம்பனைகள் மெல்ல அசைந்தன. அவற்றுக்குக் கீழே முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்ணன் தம்பி, தோளில் குழந்தையும் கையில் ரிமோட்டுமாக ஒரு பைத்தியக்காரி. டிவி வாங்கியதிலிருந்து எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த காட்சி அதுதான்.

தினேஷ் கேபிளை உருவிச் சுருட்டத் தொடங்கினார். “பரவால்ல அண்ணி. நான் கெளம்புறேன்.”

அப்போதுதான் கையேட்டின் ஒரு பக்கம் கனவில் வருவதுபோல மனதில் வந்தது. “பின்னால இருக்கற நாலாவது ஓட்டையில சொருகுங்க! நாலாவதுல மட்டும்தான் நூத்திருபது வரும்!” நான் கத்திய கத்தலில் குழந்தை வீறிட்டது.

தினேஷ் டிவிக்குப் பின்னால் போனார். “உள்ள போகமாட்டேங்குதே.” கைப்பேசி விளக்கைப் போட்டார். குனிந்து உற்றுப் பார்த்தார். “அண்ணே, இங்க வந்து பாரேன்.”

கணவரும் போனார். டிவிக்குப் பின்னால் இரண்டு முதுகுகள். முதலில் ஒன்று குலுங்கியது, பிறகு மற்றது.

“சுபா, இதுக்குக் குங்குமம் வேறயா?”

“நல்லவேளைண்ணே, தேங்கா ஒடைக்கல!”

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பல்குத்தும் குச்சியால் அண்ணன் சுரண்ட, தம்பி விளக்குப் பிடித்தார். “மெதுவாடா.” “நீதான்ணே ஆட்டுற.” தலைகள் முட்டிக்கொண்டன. இருவரும் சிரிப்பை நிறுத்தவே இல்லை. எனக்கு அந்த நாலாவது துளைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது. (இடம்தான் இல்லை, சந்தனம் இருந்தது.)

நூற்றிருபது வந்தது. வந்ததாக அவர்கள் சொன்னார்கள். இருவரும் பாயில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். எஞ்சின் உறுமலில் என்ன மாயமோ, மகள் உறங்கினாள், அவளோடு நானும். விழித்தபோது வெளியே வெயில் மஞ்சளாகி, மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என்மேல் யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள்.

இப்போது சொந்தத்தில் யார் எதை வாங்கினாலும் தினேஷ் முதலில் என்னைத்தான் அழைக்கிறார்: “அண்ணி, வாஷிங் மெஷினுக்கு எந்த ஓட்டையில சந்தனம்?” கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட, “நீங்கதானா அது?” என்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. தினேஷ் எல்லா ஞாயிறும் வந்துவிடுகிறார். பொழுது சாய்ந்து, பிள்ளை தூங்கும் நேரம் தாண்டியும், “லாஸ்ட் ரவுண்டு” என்கிறார்கள் இருவரும் ஒரே குரலில். அணைக்கச் சொன்னால் தம்பி மனம் நோகுமோ, சொல்லாவிட்டால் பிள்ளையின் கண் கெடுமோ என்று மாற்றி மாற்றி யோசித்துவிட்டு, கடைசியில் தேநீர் கலக்கத்தான் போகிறேன். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: சமாதானமாகிவிட்ட அண்ணன் தம்பியை, மறுபடி சண்டை மூட்டிவிடாமல், டிவி முன்னாலிருந்து எழுப்புவது எப்படி?