நோ என்று எழுதிய றெக்கை

பெச்வா ஆற்றங்கரை,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

தீர்க்காயுசு மருமான் லுபோருக்கு, உன் தாய்மாமனும், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரும், வருகிற வசந்தகாலம் முதல் மொராவியா வானத்தின் ஏக சக்கரவர்த்தியுமாகிய ஹினெக், மிகுந்த பிரியத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அத்தை வ்லாஸ்தா சுகம். பசையில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் பிரிய மறுத்த என் இரண்டு கட்டைவிரல்களும் இப்போது தனித்தனியாகச் சுகம். நீயும் உன் அம்மாவும் இதைவிட ஒரு படி அதிகமாகவே சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. "மாமா, ஏதோ ஓட்டை விமானத்தை வாங்கியிருக்கிறீர்களாமே, அம்மா அழுகிறாள்" என்று எழுதியிருக்கிறாய். என் அருமைத் தங்கை யர்மிலா பின்னால் நின்று உன் கையைப் பிடித்து எழுத வைத்தது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அவளிடம் சொல்: அது ஓட்டை விமானம் அல்ல, பாதி விமானம். பாதி விமானத்திலிருந்து விழுந்து செத்தவன் உலக சரித்திரத்திலேயே கிடையாது. அப்புறம், நான் அதை வாங்கவும் இல்லை. அடுப்பின் வாயிலிருந்து பறித்தேன்.

எதிர்வீட்டு ஒத்திலியா அம்மாவை உனக்குத் தெரியும். அவளும் அவள் புருஷன் கமிலும் பாதி ஆயுள் கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். வந்த நாள் முதல் கமில் தன் களஞ்சியக் கொட்டகையில் ஒற்றை ஆள் பறக்கும் மர விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். அவன் கட்டிய வேகத்தைப் பார்த்து சிலந்திகள் சலித்துக்கொண்டு வேறு வீடு தேடிப் போயின. போன வைகாசி வாக்கில் "பசை வாங்கிட்டு வர்றேன்" என்று குரோவேஷியா பக்கம் போனவன், அங்கே படகு வாடகைக்கு விடும் ஒரு பெண்மணியோடு ஒட்டிக்கொண்டுவிட்டான். நல்ல பசைதான் போல. அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் நான் ரொட்டி வாங்கப் போகும்போது ஒத்திலியா அம்மா கோடாலியோடு கொட்டகைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, கோடாலியும் கையுமா?"

"நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்கு வாத்து சுடணும்ல, ஸ்டேஷன் மாஸ்டரே. உள்ள வருசக்கணக்கா காய்ஞ்ச ஸ்ப்ரூஸ் மரம் கெடக்குது. வாத்து சும்மா பொன்னா வேகும்."

மருமானே, முப்பது வருஷம் ரயில்களைத் தரையைவிட்டு எழும்பாமல் பார்த்துக்கொண்ட மனுஷன் நான். அந்தப் பாவத்துக்கெல்லாம் பிராயச்சித்தம் பண்ணும் வேளை வந்துவிட்டது என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "அதை நான் எடுத்து முடிக்கிறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. வாய் சொன்னது காதுக்கே அப்புறம்தான் தெரியும்.

அவள் கோடாலியை இறக்கவில்லை. "எடுத்துக்கோங்க. ஆனா மார்ட்டின் திருநாளுக்குள்ள ரெண்டு றெக்கையும் மாட்டி அது என் கண்ணு முன்னால நிக்கணும். இல்லேன்னா வாத்துக்குத்தான். பாதியில விட்டுட்டுப் போறவனை நான் ஒருதரம் பாத்தாச்சு. இன்னொருதரம் பாக்க மாட்டேன்." அதனால் நான் பேரம் பேசவில்லை.

கொட்டகையில் விமானத்தின் உடல் இருந்தது, வால் இருந்தது, ஒரு பெரிய பெட்டி நிறைய றெக்கையின் விலாச்சட்டங்கள் இருந்தன. மெல்லிய மரக்குச்சிகளைப் பசை போட்டு ஒட்டி, பெரிய மீனின் முள்ளைப் போலச் செய்து வைத்திருந்தான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்குப் பசியே எடுத்துவிட்டது. ஒவ்வொரு சட்டத்துக்கும் அச்சு அசலாக ஓர் இரட்டை இருந்தது. இரட்டைகளில் ஒன்றின் மூலையில் பென்சிலால் 'நோ' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் எதுவும் இல்லை. உன் மாமனின் மூளை உடனே வேலை செய்தது. நம் மொராவியா பாஷையில் 'நோ' என்றால் என்ன? "சூப் நல்லாருக்கா?" "நோ." "மழை வரும்போல இருக்கே?" "நோ." ம், ஆமா, பரவாயில்லை, இருக்கட்டும். கல்யாணத்தில் பாதிரியார் கேட்டபோது நானே அப்படிச் சொல்லிவிட்டு வ்லாஸ்தாவிடம் இடி வாங்கியவன். ஆக விஷயம் தெளிவு: கமில் ஜாக்கிரதைக்காரன், ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்து பார்த்து, தேறியதில் 'ஆமா' என்று எழுதியிருக்கிறான். 'நோ' சட்டங்களை எல்லாம் பொறுக்கி வலது றெக்கையைக் கட்டினேன். தேறாத சட்டங்களை வ்லாஸ்தா தன் பீன்ஸ் பாத்தியில் கொடிக்குக் கொம்பாக நட்டுக்கொண்டாள். இந்த வருஷம் பீன்ஸ் கொடி ஏறிய ஏற்றத்தில், உச்சியில் பறித்த காய்களில் பனி ஒட்டியிருந்தது.

செப்டம்பரில் விமானப் பரிசோதகர் கோல்பாபா வந்தார். மெல்லிய பலகைத் தோல் போட்டு மூடுவதற்கு முன்னால் அவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் றெக்கை றெக்கை. மனுஷன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சட்டமாக மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், அவர் கனடாவுல இருந்தவர்தானே?"

"ஆமா, இருந்தவர்தான்."

"இங்கிலீஷ்ல 'நோ'ன்னா என்ன?"

மருமானே, என் முதுகெலும்பில் ஒரு சரக்கு ரயில் ஏறி இறங்கியது. "வேண்டாம்னு எழுதின துண்டை எல்லாம் தேடித் தேடிப் பொறுக்கி றெக்கை பண்ணியிருக்கீங்களே சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருந்தாக்கூட பாதியாவது தேறியிருக்கும்" என்றார் கோல்பாபா. ஒத்திலியா அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம்: உங்க புருஷன் எந்த பாஷையில எழுதுவார்?

"அந்தாளுக்குக் கோவம் வந்தா இங்கிலீஷ், பசி வந்தா நம்ம பாஷை" என்றாள். "வேலை செய்யுறப்போ ரெண்டும் வரும்."

பாத்திக்கு ஓடினேன். அங்கே உன் அத்தை மண்வெட்டியோடு நின்றாள். "மொதல்ல உங்க றெக்கை கெட்டதுன்னு காட்டுங்க. அப்புறம் என் குச்சி மேல கை வைங்க. இன்னும் காய்ப்பு முடியலை." கோல்பாபா சட்டம் படித்தவர், மண்வெட்டியையும் படித்தவர். "எடை ஏத்திப் பாத்துடலாம்" என்றார்.

பறக்கும்போது காற்று றெக்கையைக் கீழிருந்து மேலே தள்ளும். ஆகவே றெக்கையைக் குப்புறப் போட்டுப் பாரம் ஏற்ற வேண்டும். அதை இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தி, மேலே பலகை வைத்து ஏற்றினோம். மணல் மூட்டை ஏற்றினோம், தாங்கியது. தெருவிலுள்ள உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் வந்தது, தாங்கியது. கள்ளுக்கடை டோமான் ஒரு பீர் பீப்பாயை உருட்டி வந்தான். அதையும் தாங்கியது, ஆனால் டோமானால் அதை விட்டுப் பிரிந்து நிற்க முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் வேணும்" என்றார் கோல்பாபா. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு, மரியாதையாக, யாரும் ஒத்திலியா அம்மாவைப் பார்க்கவில்லை.

அவளே வந்தாள். "நகருங்க. என் கல்யாணம் என்னைத் தாங்கலை. இந்தக் குச்சி தாங்குதான்னு பாக்கிறேன்" என்று பலகை மேல் ஏறி உட்கார்ந்தாள். 'க்ர்ர்ரக்' என்று ஒரு சத்தம். ஊரே மூச்சைப் பிடித்தது. ஆற்றில் மீன் நின்றது. குனிந்திருந்த கோல்பாபா மெல்ல நிமிர்ந்து, "என் முழங்கால்" என்றார். றெக்கை ஒரு விரற்கடை வளைந்து, மூட்டையும் பீப்பாயும் ஒத்திலியா அம்மாவுமாக ராஜாங்கமாக நின்றது. அவள் இறங்கவே இல்லை, லுபோர். உள்ளங்கையால் அந்த மரத்தைத் தடவிக்கொண்டு, "அந்த வெக்கங்கெட்டவன் இதையாவது ஒழுங்கா ஒட்டியிருக்கான்" என்றாள்.

கோல்பாபா கையெழுத்துப் போட்டார். 'நோ' என்றால் 'ஆமா' என்று சட்டபூர்வமாக நிலைநாட்டப்பட்டது. காய்ப்பு முடிந்ததும் அந்தத் தேறாத சட்டங்களை வ்லாஸ்தாவே பிடுங்கிக் கொடுத்தாள். கொட்டகைக்குப் பின்னால் தீ மூட்டி, தெருவுக்கே கொழுத்த சாஸேஜ் சுட்டோம். ஒத்திலியா அம்மா தன் கையால் ஒவ்வொன்றாக முறித்துப் போட்டாள். அத்தனை பொன்னிறமாக ஒரு சாஸேஜை நான் பூலோகத்தில் பார்த்ததில்லை.

இனி இடது றெக்கை மட்டும்தான் பாக்கி. "ரெண்டு றெக்கைக்கும் விலா முடிஞ்சுதுன்னு அன்னிக்கு ஒரு பீப்பாய் காலி பண்ணினானே" என்று ஒத்திலியா அம்மா சத்தியம் செய்கிறாள். ஆகவே இடதுபக்கச் சட்டங்களைக் கமில் எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டு மறந்திருக்கிறான். பரண், கிணற்றடி, கோழிக்கூடு, மாதா கோயில் மணிக்கூண்டு, எல்லாம் தேடியாயிற்று. நம் தெருவிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவன் போனை எடுப்பதில்லை. "எங்கே வைத்தாய்?" என்று குரோவேஷியாவுக்கு ஓர் அட்டை போட்டிருக்கிறேன். பதில் வந்த மறுநாளே மாட்டிவிடலாம். மார்ட்டின் திருநாளுக்கு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. வாத்துக்கு நான் வேறு விறகு சொல்லி வைத்திருக்கிறேன். அவள் விமானத்தைத் தொட்டுப் பார்த்தால் அழுகையை நிறுத்திவிட்டு, ஏற இடம் கேட்பாள். ஒரே இருக்கை என்பதை இப்போதே பக்குவமாகச் சொல்லி வை.

உன் தலைமுடி உதிராமல், உன் மேலதிகாரி உன்னை ஏசாமல், உன் கார் குளிரில் முரண்டு பிடிக்காமல் இருக்க, மேகத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து ஆசீர்வதிக்கும்,
உன் மாமா,
ஹினெக்.

பின்குறிப்பு: திங்கள் காலை, உறையை ஒட்டும் நேரத்தில் தபால்காரி கமிலின் அட்டையோடு வந்தாள். அதை அப்படியே எழுதுகிறேன்: "இடதுபக்கச் சட்டங்களும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. கலந்துவிடக் கூடாது என்று வலதுபக்கத்துக்கு வரிசை எண் போட ஆரம்பித்தேன். இங்கிலீஷில் நம்பர் என்பதைச் சுருக்கி எல்லாவற்றிலும் முதலில் என், ஓ என்ற இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டேன். எண்ணை எழுதுவதற்குள் பசை தீர்ந்துவிட்டது. ஒத்திலியா நலமா?"

அட்டையை எடுத்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் படித்தாள். தான் முறித்துத் தீயில் போட்டது இடது றெக்கையைத்தான் என்று விளங்கியது. அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், கொட்டகையிலிருந்த உடல், வால், வலது றெக்கை எல்லாம் கூடவே அதிர்ந்தன. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "அம்மா, அடுத்த மார்ட்டின் திருநாள்வரைக்கும் தவணை தருவீங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நோ."

அவளும்தான் கனடாவில் இருந்தவள். எந்த பாஷையில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஸ்ப்ரூஸ் மரம் வாங்கப் புறப்பட்டுவிட்டேன்.