ஒரே துண்டு ஷாஃப்ட்

முட்டைக்காரர் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்தார். மேலடுக்கிலிருந்து மஞ்சள் கரு வழிந்து, கீழடுக்கை நனைத்து, பேக்கரி வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது.

பேக்கரி முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க நல்ல மனுஷன்தான். ஆனா உடைஞ்ச முட்டைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இந்த வாரம் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளுக்குச் சொல்லிடுவேன்."

மற்ற கடைகள் எடுப்பதெல்லாம் கொசுறு. அவர் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த பேக்கரியால்தான். வண்டியோ அவர் கல்யாணத்துக்கு முந்தைய காலத்தது. கொஞ்ச நாளாக வேகமெடுத்தால் அடியில் கடகடவென்று ஒரு நடுக்கம் கிளம்பி, உட்கார்ந்திருப்பவர் பல்லெல்லாம் ஆடியது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். அவர் ஒரு தினுசான ஆசாமி. எந்த இரண்டு பாகத்தைக் கழற்றினாலும், கழற்றும் முன் உளியால் ஒரு சின்ன மீன் வெட்டுவார். தலை ஒரு பாகத்தில், வால் மறு பாகத்தில். திரும்பப் பூட்டும்போது தலையும் வாலும் நேராக வந்து சேர்ந்தால் சரியாகப் பூட்டியாயிற்று என்று அர்த்தம். அவ்வளவு கவனமான மனுஷர் போனை மட்டும் எடுக்கமாட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். செல்போனில் வீடியோ பார்த்தே ரிப்பேர் கற்றவன். வண்டிக்கடியில் புகுந்து, மூக்கெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான்.

"மாமா, இன்ஜின்லேருந்து பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் உங்களுக்கு ரெண்டு துண்டு. நடுவுல ஒரு பேரிங்ல தொங்குது. ரெண்டா இருந்தா ஆடத்தானே செய்யும்? ஒரே துண்டாப் போட்டுட்டா ஆட்டத்துக்கு இடமே இல்ல."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

மெக்கானிக் வரட்டுமே என்றாள் மனைவி. தம்பியைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் பேக்கரி காத்திருக்காதே.

லேத் பட்டறையில் நீளமாக ஒரே குழாயில் ஷாஃப்ட் தயாரானது. மச்சினனே பூட்டினான். மறுபடி அதைப் பார்த்து மாமாவின் மனசு மாறிவிடக் கூடாதென்று, பழைய இரண்டு துண்டையும் தெருவில் வந்த பழைய இரும்புக்காரனிடம் அன்றைக்கே தூக்கிக் கொடுத்துவிட்டான்.

தெருவுக்குள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முட்டைக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் பெரிய ரோட்டில் ஏறி வேகமெடுத்தபோது அந்த நீளக் குழாய், நடுவில் தாங்க ஆளில்லாமல், ஸ்கிப்பிங் கயிறு மாதிரி சுழன்று அதிர்ந்தது. இப்போது எல்லா அடுக்கிலும் மஞ்சள்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தார். போய்ச் சேர்வதற்குள் பேக்கரியில் அடுப்பையே அணைத்துவிட்டார்கள். தட்டுகளுக்கிடையே வைக்கோல் வைத்தார். முட்டை கொஞ்சம் பிழைத்தது, கேக்கில் வைக்கோல் கிடைத்தது. ஷாஃப்டில் ஒரு எடை கட்டினால் சமமாகிவிடும் என்றான் மச்சினன். கட்டினான். அது பாதி வழியில் பிய்த்துக்கொண்டு போய் சைலன்சரை உடைத்தது. அதற்குப் பிறகு அவர் தெருமுனை திரும்பும் முன்பே, வண்டிச் சத்தம் கேட்டே முதலாளியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

வீட்டில் மூன்று வேளையும் ஆம்லெட். வாரத்தில் மிச்சமிருந்தது ஒரே நாள். தட்டைத் தள்ளிவைத்தார் முட்டைக்காரர்.

"இந்த வயசுல இனிமே நான் என்ன தொழில் பண்ணுவேன்?"

மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் ஆம்லெட்டைப் பார்த்தான்.

கடைசி முயற்சியாக, ஊரின் மறுகோடியில் இருக்கும் பழைய சாமான் மார்க்கெட்டுக்குப் போனார். கடைக்காரர் இரண்டு துண்டு ஷாஃப்ட் ஒன்றை எடுத்துப் போட்டார். புதுக் கறுப்புப் பெயிண்ட். அளந்து பார்த்தால் அச்சாக இவர் வண்டிக்கே செய்தது போலிருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"எவனோ ஒரு மடையன் சார். நடு பேரிங்கோட ரப்பர் மட்டும்தான் போயிருக்கு. அதை மாத்தாம முழு ஷாஃப்டையும் இரும்புக்குப் போட்டிருக்கான். நான் ரப்பரை மாத்தி, பெயிண்ட் அடிச்சேன். அவ்வளவுதான்."

முட்டைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தன்னைவிட ஏமாளி ஒருவன் இருக்கிறான் என்பதில் அப்படி ஓர் ஆறுதல். பேரம்கூடப் பேசாமல், கேட்ட விலையைக் கொடுத்துத் தூக்கி வந்தார்.

நல்லவேளையாக மெக்கானிக் திரும்பியிருந்தார். வண்டிக்கடியில் போனார், சுரண்டினார், பூட்டினார். கடைசி நாள் முட்டை ஒன்றுகூட விரிசல் விடாமல் பேக்கரி போய்ச் சேர்ந்தது. முதலாளியம்மா தட்டு தட்டாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னாள்.

முட்டைக்காரர் நேராகப் பட்டறைக்கு வந்தார். மச்சினனும் கூடவே வந்திருந்தான். அந்த மடையன் கதையை அவர் சொல்லச் சொல்ல, மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மெக்கானிக் மட்டும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ரொம்பச் சிரிக்காதீங்கண்ணே. பெயிண்ட்டைச் சுரண்டினேன், உள்ள என் மீன் இருக்கு. போன வருஷம் உங்க வண்டியில நான் வெட்டினதுதான்."