கொடி ஏறிய மாவட்டம்

மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு கொடி வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. ரோடு வேண்டும், வடிகால் வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை. ஆகவே கடலூரில் 'மாவட்ட அடையாள அலுவலகம்' திறக்கப்பட்டது. தனி அலுவலராகப் பொறுப்பேற்ற அருள்முருகன், முதல் பணியாகத் தம் நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கொடி வரைய ஆள் வேண்டுமே. மங்கலம்பேட்டைப் பள்ளியின் ஓவிய ஆசிரியை சகாய பிரியாவுக்கு உத்தரவு போனது. அவளுக்கு வீடு கடலூர் புதுப்பாளையத்தில். இருட்டில் கிளம்பி, விருத்தாசலத்தில் பஸ் மாறிப் பள்ளிக்குப் போவாள். இருட்டிய பிறகு அதே வழியில் திரும்புவாள். நாலு வயது மகள் மரிய அருளை முழித்த கண்ணோடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான். அங்கேயும் பிள்ளை அப்பா மடியைத்தான் தேடும். பிரியாவுக்கு அது நெஞ்சை அறுக்கும்.

"கொடியை முடிச்சுக் குடுங்க டீச்சர். கடலூருக்கே டிரான்ஸ்பர் வாங்கித் தரேன். அது என் பொறுப்பு" என்றார் அருள்முருகன்.

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது பிரியாவுக்கு.

குழு கூடியது. கடலூர் சார்பில் மண்டிக்காரர் கொளஞ்சியப்பன். சிதம்பரம் சார்பில் ஓய்வுபெற்ற தாசில்தார் தட்சிணாமூர்த்தி. பிரியா நீலத்தில் கடலும் பச்சையில் வயலும் நடுவே ஒரு படகுமாக வரைந்து வந்திருந்தாள்.

"அழகாத்தான் இருக்கு. அதான் பிரச்சனையே" என்றார் அருள்முருகன். "இதுல யாருமே இல்லியே."

எனவே யாவரும் சேர்க்கப்பட்டனர். பண்ருட்டிக்குப் பலா வந்தது. நெய்வேலிக்கு நிலக்கரி, பிச்சாவரத்துக்கு மரம், தொழிலுக்கு ஒரு புகைபோக்கி.

"புகை போடாதீங்கம்மா. மாசுன்னு கேஸ் போட்டுடுவாங்க" என்றார் தட்சிணாமூர்த்தி.

"புகை இல்லன்னா கம்பெனி மூடிக் கெடக்குன்னு நெனைப்பாங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

புகையை வெள்ளைப் புறாவாக வரைவதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்தக் குழு ஒருமனதாக நிறைவேற்றிய கடைசித் தீர்மானம் அதுவாகவே இருந்திருக்கும். ஏனென்றால் அடுத்த கேள்வி, மேலே இருக்க வேண்டியது சிதம்பரம் கோபுரமா, கடலூர்க் கலங்கரை விளக்கமா என்பது. இதிலேயே ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது.

பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விளக்கு போட்டுடலாமா சார்?"

"காத்தடிச்சா எது தெரியும்?" என்று சந்தேகமாகக் கேட்டார் தட்சிணாமூர்த்தி.

"தெக்கத்திக் காத்துன்னா உங்க பக்கம். வாடைன்னா அவுங்க பக்கம்."

இயற்கையே ஒப்புதல் அளித்துவிட்டபடியால் குழுவும் அளித்தது.

பிறகு மாவட்டத்துக்கே கொடிப் பித்து பிடித்தது. அரசு ஊழியர் யாவரும் வாட்ஸ்அப் முகப்பில் கொடியை வைத்தனர். வைக்காதவர்களிடம் விளக்கம் கோரப்பட்டது. ஓட்டல்களில் நாலு நிறச் சட்னியுடன் கொடி தோசை வந்தது. ஜவுளிக்கடையில் இரண்டு பக்கமும் கட்டக்கூடிய கொடிப் புடவை வந்தது. அதைக் கடலூரில் ஒரு பக்கமாகவும் சிதம்பரத்தில் மறுபக்கமாகவும் உடுத்துவதே நாகரிகம் என்று கருதப்பட்டது. வண்ணத்தை அள்ளித் தெளித்தது போலிருந்த அந்தக் கொடியில் எது பலா, எது நிலக்கரி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தவுடன் புல்லரிப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கொடியேற்று விழா. கம்பத்தில் மாவிலை கட்டியாயிற்று. பாதிரியார் செபம் சொன்னார், ஹஜரத் துவா ஓதினார், மேளம் முழங்கியது. அருள்முருகன் கயிற்றைப் பிடிக்கும் நேரம் பார்த்து, முன்வரிசையில் இருந்த செல்லாயி என்ற கவுன்சிலர் அம்மாள் கேட்டுவிட்டாள்.

"கொடியேத்தப் போறீங்க, காப்பு கட்டலியா?"

அருள்முருகனுக்கு வியர்த்துவிட்டது. நடைமுறை வழுவியதாக நாளைக்கு யாராவது மனுப் போட்டால் என்ன செய்வது? உடனே மஞ்சள் தடவிய நூல் வரவழைக்கப்பட்டு அவர் மணிக்கட்டில் காப்பு கட்டப்பட்டது. கொடி ஏறியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிரியாவும் கண் கலங்கக் கைதட்டினாள். அவளுக்குக் கொடியில் தெரிந்ததெல்லாம் மகளின் முகம்தான்.

மறுநாள் இடமாற்ற உத்தரவுக்காக அலுவலகம் போனாள்.

அருள்முருகன் காப்புக் கையை மேசைமேல் வைத்தார். "கொடி ஏறிடுச்சேம்மா. காப்பு கட்டிக் கொடி ஏறிட்டா, எறங்குற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாதுல்ல? ஊர் வழக்கம். டிரான்ஸ்பர் மட்டும் எப்படிப் போடுறது?"

"நான்தான் தெனமும் தாண்டுறனே சார்."

"ராத்திரி வீட்டுக்கு வந்துடுறீங்கல்ல? அது செல்லும். வெளியூர்ல தங்கக் கூடாது, அவ்ளோதான்."

"ரெண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான சார்? எந்த எல்லைய நான் தாண்டுறேன்?"

"எந்த எல்லைன்னு வழக்கத்துல சொல்லல. அதனால எல்லா எல்லையும்தான்."

"அப்ப எப்ப சார் எறக்குவீங்க?"

"ஏத்தறதுக்குத்தாம்மா உத்தரவு வந்துச்சு."

இறக்குவதற்கும் ஒரு குழு போடப்பட்டது. கோபுரம் தெரியும்போதுதான் இறக்க வேண்டும் என்றார் தட்சிணாமூர்த்தி. விளக்கு தெரியும்போதுதான் என்றார் கொளஞ்சியப்பன். காற்று இரண்டு பேர் பக்கமும் மாறி மாறி நின்றது.

அதற்குள் இந்த வழக்கத்தின் சௌகரியம் எல்லா அலுவலகங்களுக்கும் பிடிபட்டுவிட்டது. பட்டா கேட்டாலும், குடிதண்ணீர் கேட்டாலும், தெருவிளக்கு கேட்டாலும் ஒரே பதில்தான்: கொடி இறங்கட்டும். கோப்பு ஒரு மேசையின் எல்லையைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போகக் கூடாதல்லவா? மக்களும் கோபப்படவில்லை. சாமி குற்றத்துக்கு ஆளாக யாருக்கு ஆசை?

மங்கலம்பேட்டைப் பள்ளித் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். இடமாற்றம்தான் கிடையாதே, புதியவர் எப்படி வருவார்? பிரியாவே பொறுப்புத் தலைமையாசிரியை ஆனாள். மின்விசிறியின் கீழ் நாற்காலியும் கிடைத்தது.

ஒருநாள் தமிழ்ச்செல்வி என்ற பெண் வந்து நின்றாள். "வீட்டுக்காரருக்குக் குறிஞ்சிப்பாடியில வேலை டீச்சர். நான் புள்ளைய வச்சிக்கிட்டு இங்க இருக்கேன். அப்பா எங்க அப்பா எங்கன்னு ஒரே அழுவை. டிசி குடுத்தீங்கன்னா அங்கயே போயிடுவோம்."

பிரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். டிசி கொடுத்தால் எந்த விதிப்படி கொடுத்தாய் என்று கேட்பார்கள். விளக்கம் எழுத வேண்டும். என்றைக்காவது வரப்போகும் தன் டிரான்ஸ்பருக்கும் அது இடைஞ்சலாகலாம்.

"கொடி எறங்கட்டும்மா, பாக்கலாம்" என்றாள் பிரியா. சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.