மைதானத்துக்கு முதுகு காட்டிய தலைவர்

ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்க்காமல் ஒரு கால்பந்து ரசிகர் மன்றத்துக்குத் தலைவராக இருப்பவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஜவ்வாது மலையில் மாவு மில் வைத்திருக்கிறார். மலையில் அவருக்கு மில் மாமா என்று பெயர். திருப்பத்தூரில் இறங்கிவிட்டால் முதுகு மாமா. அங்கே மைதானத்துக்கு வருகிற யாரும் அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் முதுகுதான். அதிலும் சட்டை எது, கேழ்வரகு மாவு எது என்று பிரிக்க முடியாது. மழையில் நனைந்தால் ஆளை அப்படியே களி கிண்டிவிடலாம் என்று அத்தையே சொல்வார்.

மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மில் நின்ற பிறகும் அவர் குரல் இறங்கவில்லை. "சாப்ட்டியாடா?" என்று என்னைக் கேட்டால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டிலிருந்து "ஆச்சு மாமா" என்று பதில் வரும்.

எனக்கு மில்லுக்குப் பக்கத்தில் பங்சர் கடை. எட்டாவதில் கணக்குப் பரீட்சை அன்று வந்த வயிற்றுவலியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் போய்விட்டது, வயிற்றுவலி போகவில்லை. டியூபுக்குக் காற்றடிக்கும்போதே அது வெடித்துவிடும் என்று கண்ணை மூடிக்கொள்வேன். மலைப் பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடிக்கொள்வேன். இப்படிப்பட்ட என்னைத்தான் மாமா மன்றத்துக்குச் செயலாளர் ஆக்கினார். மன்றத்தில் உறுப்பினர் யார் என்றால், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும்தான். பலாப்பழம் விற்கப் போகிறவரும் உறுப்பினர், பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவரும் உறுப்பினர்.

போன சீசனில்தான் எங்கள் மலை டீமுக்குத் திருப்பத்தூர் லீக்கில் முதல்முறையாக இடம் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. "மலைக்காரங்க டைமுக்கு வரமாட்டீங்க" என்று லீக் நடத்துகிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மாமா மாவுக் கையோடு போய், "ஒரு வருசம் பாருங்க சார். சரியில்லன்னா நீங்களே வெளிய அனுப்பிடுங்க" என்று சொல்லி, அவர்களுடைய மேஜை முழுக்க வெள்ளையாக்கிவிட்டு இடத்தை வாங்கி வந்தார். லீக்கில் கடைசியாக வருகிற டீமுக்கு அடுத்த வருஷம் இடமில்லை. மற்ற டீம் போனால் ஊருக்கு இன்னொரு டீம் இருக்கும். மலையிலிருந்து ஆடப் போவது எங்கள் டீம் மட்டும்தான். கோல்கீப்பர் வேலு வெளிப்படையாகவே சொல்லிவிட்டான்: "டீம் இல்லன்னா நான் பெங்களூரு போய்டுவேன் மாமா. அங்க கட்டட வேல கீது. ஞாயித்துக்கெழம ஆடலாம்னுதான் இங்கயே கெடக்கறேன்." வேலு போனால் இன்னும் நாலு பேர் போவான்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

முதல் ஆட்டத்தில் மாமா எல்லாரையும்போல மைதானத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்து துண்டை உதறுவதற்குள் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. கடலை வாங்கத் திரும்பினார், நாங்கள் ஒரு கோல் போட்டோம். சந்தோஷமாக இந்தப் பக்கம் திரும்பினார், இன்னொன்று விழுந்தது. தும்மல் வந்து முகத்தைத் திருப்பினார், வேலு பந்தைப் பாய்ந்து பிடித்தான். மாமாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"டேய், என் கண்ணுதாண்டா படுது. ஆசயா பாக்கறேன் பாரு, அதான் பசங்களுக்குத் திருஷ்டி ஆய்டுது."

"அப்ப வூட்லயே இருந்துடுங்க மாமா."

"தலைவரு வூட்ல குந்திகினா மன்றம் இன்னாத்துக்கு? வருவேன். ஆனா பாக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் கோல் போஸ்டுக்குப் பின்னால், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றுகொள்வார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினாலும் அவர் இடம் மாறமாட்டார். ஒருநாள் ரெஃபரியே ஆட்டத்தை நிறுத்தி, "யாருய்யா அவரு? யார் மேல கோவம்?" என்று கேட்டார். "எங்க தலைவருங்க" என்றேன். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

பார்க்கமாட்டார், ஆனால் நடப்பது அத்தனையும் தெரிய வேண்டும். அவருக்கு நான் மைதானத்தைப் பார்த்து நின்று சொல்லவேண்டும். முதுகோடு முதுகு ஒட்டி நாங்கள் நிற்பதைப் பார்த்து ஐஸ் வண்டிக்காரர் சிரிக்காத நாளில்லை.

"மாமா, அவங்க வர்றாங்க... வந்துட்டாங்க... போச்சு... போச்சு மாமா..."

"கோலா?"

"இல்ல, வெளிய போச்சு."

"அடப்பாவி! உயிர வாங்காதடா!"

கீழே தைரியமாகக் கமெண்ட்ரி சொல்ல எத்தனையோ பேர் கிடைப்பார்கள். ஏன் மாமா என்னைப் போய், என்று ஒருநாள் கேட்டேன். "தைரியசாலி நூறு தபா 'பரவால்ல'ன்னு சொல்வான், அத வச்சிகினு இன்னா பண்றது? நீ பயந்தாங்கொள்ளி. நீயே ஒருநாள் 'பரவால்ல'ன்னு சொன்னேன்னா, அன்னிக்கு நெசமாவே பரவால்லன்னு அர்த்தம்" என்றார். சீசன் பாதி முடிந்தும் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

அவர் முதுகைக் காட்டியும் நாங்கள் தோற்றோம். ஆகவே திருஷ்டி அவருடையது மட்டுமில்லை, ஊர்க்கண்ணும் இருக்கிறது என்று முடிவு செய்து, மலையிலிருந்து ஒரு பூசணிக்காயை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். டீமை வரிசையாக நிறுத்திச் சுற்றினார். எங்கே உடைப்பது என்று கேள்வி வந்தது. "கோலு எங்க வுழுதோ அங்கதான் ஒடைக்கணும்" என்று வேலுவின் காலடியிலேயே உடைத்தார். முதல் பந்துக்கே வேலு பூசணிச் சதையில் வழுக்கி, பந்து ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் போனார்கள். சரி, பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் எதிர் டீம் கோல்கீப்பர் வழுக்குவான் என்று நம்பிக்கையோடு இருந்தோம். அவன் நன்றாகத்தான் நின்றான். கோல் போட ஓடிப்போன எங்கள் பையன்தான் அதே இடத்தில் வழுக்கி, போஸ்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா சத்தம்?" என்றார் மாமா, ரோட்டைப் பார்த்தபடி.

"பூசணிக்கா மாமா."

"யாருக்கு வேல செய்யுது?"



இதெல்லாம் போதாதென்று பஸ் பிரச்சினை வேறு. மலைக்குப் போகிற கடைசி பஸ் அந்த மைதானத்தை ஒட்டிய ரோட்டில்தான் வரும். எங்கள் ஆட்டத்தை எப்போதும் இரண்டாவதாகத்தான் வைப்பார்கள். அதனால் ஆட்டம் முடியக் கொஞ்சம் முன்னால் பஸ் வந்துவிடும். தவறவிட்டால் ராத்திரி பஸ் ஸ்டாண்டில்தான் படுக்கை. ஒருமுறை அப்படிக் கிடந்துவிட்டு, மறுநாள் அத்தையிடம் மன்றம் மொத்தமும் வாங்கிக் கட்டிக்கொண்டது. ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறவர் மாமாதானே? தூரத்தில் பஸ் தெரிந்ததும், மில் குரலில், "பஸ்ஸூ... பஸ்ஸூ வந்துட்சி!" என்று கத்திவிட்டு ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்துவார். டிரைவர் திட்டிக்கொண்டே கொஞ்சம் நிற்பார். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் பூட்ஸோடு ஓடிவந்து ஏறுவார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஒரு ஆட்டத்தில், ஜெயித்துக்கொண்டிருந்த நாங்கள் கடைசி நேரத்தில் கோல் வாங்கி டிரா ஆனோம். இன்னொன்றில் டிராவில் இருந்து தோற்றோம். அதற்கடுத்ததும் அப்படியே. அன்று பஸ்ஸில் வேலு கையுறையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு சொன்னான்.

"மாமா, கோச்சிக்காதீங்க. நீங்க 'பஸ்ஸூ'ன்னு கத்தறீங்க இல்ல, அப்ப நாங்க பதினோரு பேரும் ரோட்டப் பாக்கறோம். அந்த நேரம் பாத்து அவன் அடிச்சிட்றான்."

பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மட்டும், "ஆமா, நானும் பாத்தேன்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மாமா வாய்மூடி இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க மில் ஓடியது, மாமா குரல் கேட்கவில்லை. சாமை கொண்டுவந்த பெண்கள் பயந்துபோய்த் திரும்பக் கொண்டுபோனார்கள். அத்தை என் கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னாடா பண்ணீங்க அந்த ஆள? கத்தாத மனுசன்கூட எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது. நைட்டு தூக்கமே வர்ல."

நான் போய்ப் பார்த்தேன். மாமா மாவு சலித்துக்கொண்டே, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். அவருக்கு அப்படிப் பேச வரும் என்றே எனக்குத் தெரியாது.

"கண்ணு பட்டாக்கூடத் திருப்பிக்கலாம். வாய இன்னாடா பண்றது? என்னாலதாண்டா தோத்துகினு இருந்தோம், எனக்கே தெரியாம."

"கடைசி ஆட்டத்துக்கு வர்றீங்களா இல்லையா மாமா?"

"நான் வர்லன்னா பஸ்ஸ யாருடா நிறுத்தறது?" என்றார்.

கடைசி ஆட்டம். டிரா செய்தால்கூடப் போதும், நாங்கள் கடைசி இடத்திலிருந்து தப்பிப்போம். தோற்றால் எல்லாம் முடிந்தது. மாமா நாலு தவிட்டு மூட்டையோடு வந்திறங்கினார். ஆட்டம் தொடங்கியதும் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு, மூட்டைகளோடு ரோட்டோரம் முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

பையன்கள் நன்றாக ஆடினார்கள். நாங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று. அன்று டாஸில் பக்கம் மாறியதால், பாதி ஆட்டத்துக்குப் பிறகு வேலு நின்றது ரோட்டுப் பக்கத்துக் கோலில். எனக்கு வயிற்றுவலி தொடங்கிவிட்டது. அப்போது தூரத்தில் பஸ் தெரிந்தது. மாமாவின் தோள் இரண்டும் எழும்பின. கழுத்து புடைத்தது. ஆனால் சத்தம் வரவில்லை. பஸ் வந்தது எங்கள் பையன்களில் ஒருவனுக்கும் தெரியாது. மாமா நடுரோட்டில் நின்று கையை நீட்டினார்.

"யோவ் மில்லு! இன்னா, பல் வலியா?" என்றார் டிரைவர்.

மாமா தலையை ஆட்டிவிட்டு முதல் மூட்டையைத் தூக்கினார். ஒரு தவிட்டு மூட்டையை அவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் ஏற்ற முடியும் என்று நான் நினைத்ததில்லை. ஏற்றினார். இறக்கினார். முடிச்சைச் சரிபார்த்தார். பின் படிக்கட்டில் ஏற்றியதை முன் படிக்கட்டுக்கு மாற்றினார். கண்டக்டர் விசில் அடித்து ஓய்ந்தார். "யோவ், ஏத்தறியா, இல்ல வெளயாட்றியா?" என்று சீட்டிலிருந்து எழுந்த டிரைவர், அந்த உயரத்திலிருந்து மைதானத்தைப் பார்த்துவிட்டார்.

"டேய்! மலைப் பசங்க மேல பெனால்டி குடுத்துட்டாண்டா!"

பஸ் முழுக்க அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தது. வண்டி சாய்ந்தது. டிரைவர், ஏதோ கோயிலில் நிற்கிறவர்போல, இன்ஜினை அணைத்துவிட்டார். அந்த பஸ்ஸை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்பது மலையில் குழந்தைக்கும் தெரியும். பெனால்டிக்குப் பயப்படுவதா பஸ்ஸுக்குப் பயப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. மாமா கடைசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தே நின்றார். மூட்டை நடுங்கியது.

எதிர் டீம்காரன் ஓடிவந்தான். அடித்தான். வேலு தப்பான பக்கம்தான் பாய்ந்தான். ஆனால் பின்னால் விட்டுப்போன கால் ஒன்று இருந்ததே, அதில் பட்டுப் பந்து மேலே எழும்பி, கம்பிக்கு மேலே போய், வேலியைத் தாண்டி, பஸ்ஸின் கூரையில் டமால் என்று விழுந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தது என்று ரெஃபரி விசில் அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை.

மாமா துண்டைக் கடித்தபடியே என்னைப் பார்த்தார். கண் மட்டும் கேட்டது. எவ்வளவோ சொல்ல நினைத்தேன். வந்தது ஒன்றுதான்.

"பரவால்ல மாமா."

அவர் தவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை அவிழ்த்ததும், ஒரு வாரமாக உள்ளே இருந்த சத்தம் மொத்தமும் வெளியே வந்தது. மைதானத்து மரங்களில் இருந்த காக்கைகள் பறந்தன.

பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் டீம், எதிர் டீம், ஐஸ் வண்டிக்காரர், ரெஃபரி எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். லீக்காரர் ஒருவர் தள்ளிக்கொண்டே, "அடுத்த வருசம் உங்களுக்கு மொதல் ஆட்டம் குடுத்துட்றோம்யா" என்றார்.

வேலு போனை நீட்டினான். யாரோ எடுத்த வீடியோ. "இப்பவாச்சும் பாருங்க மாமா."

மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "எட்த்துகினு போடா. அடுத்த வருசம் ஆட வாணாமா?"

மலை ஏறத் தொடங்கியதும் பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்கள். மாமாவுக்கு டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் இடம் கிடைத்திருந்தது. அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் தூங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மாவு ஒட்டிய முகத்தோடு, ஒவ்வொருவனாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே வந்தார். வேலுவை ரொம்ப நேரம் பார்த்தார். சீசன் முழுக்கப் பார்க்காமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அங்கே செலவழித்தார்.

முதல் வளைவு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயந்து இல்லை. என் முறை வரட்டும் என்று.