எவருக்கும் மனம் நோகாத ஒரு காரணம்

குருநகர்க் கடலில் நட்சத்திரமீன்கள் கரையத் தொடங்கின. முதலில் உடம்பில் வெள்ளைப் புள்ளி விழும். பிறகு ஒரு கை கழலும், பிறகு மற்றக் கை. கடைசியில் கஞ்சி போல ஏதோ ஒன்று மணலில் கிடக்கும். கறிக்கு உதவாத பிராணி என்பதால் ஊரில் ஒருவரும் துக்கம் கொண்டாடவில்லை. எமில்ராஜ் மட்டும் தினமும் கரைக்கு ஓடி ஓடிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கரையில், வெளிநாட்டுக்காரர் விலை கொடுத்து வாங்கித் தின்னும் கடலட்டைக்கு ஒரு பண்ணை இருந்தது. அட்டையும் நட்சத்திரமீனும் ஒரே குடும்பம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பெண்சாதி லவீனாவின் நகை முழுவதும் கடலுக்குள் அடித்த அந்த வேலிக்குள்தான் அட்டையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"அங்கை செத்தது இஞ்சை வாறதுக்கு எவ்வளவு நேரம்? போய் ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றாள் லவீனா.

எமில்ராஜ் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். மேலிடம் துரிதமாக இயங்கி, இரண்டே மாதத்தில் விசாரணைக்குழு ஒன்றை நியமித்தது. தலைவர் கரவெட்டிப் பஞ்சலிங்கம். எந்தக் கூட்டத்திலும் எவரோடும் முரண்படாமலே பதவி உயர்ந்தவர். விஷயம் தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்கவேண்டும் என்று விதி இருந்தபடியால், பிரியந்தினி என்ற இளம் ஆராய்ச்சி உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முறைப்பாட்டாளர் என்ற வகையில் எமில்ராஜுக்கும் ஒரு கதிரை கிடைத்தது.

முதற்கூட்டம் மங்கல விளக்கேற்றலுடன் ஆரம்பமானது. காலஞ்சென்ற நட்சத்திரமீன்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. கனடாவிலிருந்து ஒரு சங்கம் அனுப்பியிருந்த 'நட்சத்திரம் காப்போம்' ரீசேட்டை எல்லோரும் போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். பின்னேரத்துக்குள் அந்தப் படத்துக்கு விழுந்த லைக்குகள் கடலில் மிஞ்சியிருந்த நட்சத்திரமீன்களைவிட அதிகம். அதன்பிறகு தலைவர் குழுவின் கொள்கையைப் பிரகடனம் செய்தார்.

"காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் வேணும். ஆனால் ஒருத்தருக்கும் மனம் நோகக்கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். எமில்ராஜும் தட்டினார். எவ்வளவு பண்பான மனுசன் என்று நினைத்துக்கொண்டார்.

சந்தேகம் முதலில் பட்டணத்து வாய்க்கால் தண்ணீரின் மேல் விழுந்தது. வாய்க்கால்களுக்குப் பொறுப்பானவர் எழுந்து, "எங்கடை வாய்க்கால் கடலுக்குப் போறேல்லை. கடல்தான் வாய்க்காலுக்குள்ளை வருது" என்றார். அவருடைய மனம் நொந்திருப்பது குரலிலேயே தெரிந்தது. வாய்க்கால் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அடுத்தது தோட்டத்துப் பூச்சிமருந்து. நீர்வேலியிலிருந்து வாழை வளர்க்கும் கமக்காரர் சிலர் கதலிக் குலைகளோடு வந்து இறங்கினார்கள். "நாங்கள் அடிக்கிற மருந்துக்கு வாழையிலை இருக்கிற பூச்சியே சாகிறேல்லை. கடலுக்குள்ளை கிடக்கிறது சாகுமே?" குழு பழத்தை உரித்தபடி ஆழ்ந்து யோசித்து, மருந்தையும் நீக்கியது.

படகு எண்ணெயா என்று கேட்டதற்குப் படகுச் சங்கம் அழாக்குறையாகச் சொன்னது: "மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு அதைக் கடலிலை சிந்துவமே, சேர்?" எண்ணெயும் போயிற்று.

ஒவ்வொன்றும் நீக்கப்பட எமில்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் தண்ணீர்ப்போத்தல் துள்ள மேசையில் ஓங்கி அடித்துவிட்டார். "அப்ப ஆர்தான் சேர் காரணம்? ஆருக்காவது நொந்தால் நோகட்டும், உள்ளதைச் சொல்லுங்கோ!"

அப்போதுதான் பிரியந்தினி வாயைத் திறந்தாள். "இது ஒரு கிருமி, சேர்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "கிருமிக்கு ஏதும் சங்கம் இருக்கோ, பிள்ளை?"

"இல்லை, சேர்."

"அப்ப போடும், போடும்! ஒருத்தருக்கும் நோகாது."

"அது வந்த வழியையும் எழுதவேணும், சேர். வெளியிலையிருந்து வந்த அட்டைக் குஞ்சுகளோடைதான் வந்திருக்கு. குஞ்சை முதல் வேறை தொட்டியிலை வைச்சுப் பாத்துப்போட்டுத்தான் கடலிலை விடவேணும். இந்தப் பண்ணையிலை அப்பிடிச் செய்யேல்லை." அவள் எமில்ராஜைப் பார்த்தாள். "அண்ணை, வேலியை இப்பவே மறிச்சு, நோய் பிடிச்சதைப் பிரிச்செடுத்தால் மிச்சத்தைக் காப்பாத்தலாம். வந்த வழியை ஒத்துக்கொண்டால்தான் அதுக்கு உத்தரவு எடுக்கேலும்."

எமில்ராஜுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. பண்ணைத் திறப்புவிழாவன்று காலையில்தான் குஞ்சு வந்து இறங்கியது. பாதர் வந்துவிட்டார், பாண்ட் வாத்தியம் வந்துவிட்டது, டிரோன் மேலே பறந்துகொண்டிருந்தது. வீடியோக்காரனுக்கு அதை விட்டால் வேறு நாள் இல்லை. தொட்டியில் குஞ்சு கிடப்பதை யார் பார்ப்பார்கள்? நேரே கடலில் கொட்டிக் கை தட்டியாயிற்று.

வீட்டில் லவீனா அழுதாள். "நகை போனாலும் பரவாயில்லை, ஒத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் சொன்னது வேறு. "அந்த வீடியோவிலை குஞ்சுத் தாம்பாளத்தோடை முன்னுக்கு நிக்கிறது நானெல்லே! கோயிலுக்குப் போகேலுமே இனி?"

அடுத்தநாள் காலை எமில்ராஜ் ஒரு கூடை நண்டோடு கரவெட்டிக்குப் போனார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே" என்றார் பஞ்சலிங்கம் வேதனையோடு. பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்பக்கத்தாலை வந்து பிரிட்ஜுக்குள்ளை வையும்" என்றார்.

இறுதி அறிக்கை சுருக்கமாக இருந்தது. கிருமி வருவதற்கு வழி எதுவும் இல்லாதபடியால் அது வரவில்லை. நட்சத்திரமீன்கள் யாவும் ஒரே வயதினவாகையால் ஒரே காலத்தில் முதுமையடைந்து இயற்கை எய்தின. பிரியந்தினி கையெழுத்து வைத்தாள். அந்த மாதமே அவளுக்கு வேலை நிரந்தரமானது. வாய்க்கால்காரர், கமக்காரர், படகுச் சங்கம் எல்லோரும் சேர்ந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையின் ஒரு நுனியைப் பிடித்திருந்தவர் எமில்ராஜ்.

இரண்டு கிழமை கழித்து அவர் வேலிக்குள் இறங்கிப் பார்த்தார். அட்டைகளில் வெள்ளைப் புள்ளி. கையில் எடுத்த ஒன்று விரலிடுக்கால் வழிந்தது. அவர் தண்ணீருக்குள் நின்றபடியே அழுதார். பிறகு இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு பஞ்சலிங்கத்திடம் ஓடினார்.

"நோய் இல்லாத கடலிலை அட்டை சாகிறதெண்டால் நான் ஒரு காரணம் போடவேணுமெல்லே" என்றார் தலைவர். "கிருமியெண்டு போட்டால் முந்தின அறிக்கை பிழையாப் போகும். எல்லாருக்கும் நோகும். உம்மடை அட்டைக்கு என்ன வயசு?"

"ஒரு வயசும் ஆகேல்லை, சேர்."

"அப்ப முதுமையெண்டு போடேலாது." தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "இளமையெண்டு போடுவமே?"

எமில்ராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நகை, பண்ணை, வீடியோ, கோயில் வாசலில் நிற்கும் சனம், எல்லாம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போயிற்று.

"ஓம், சேர்" என்றார். "அதெண்டால் ஒருத்தருக்கும் மனம் நோகாது."